வயதும் மருந்தும்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்தைப் பற்றியது. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு உறுப்புகளை உடையதாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அதனை அருகிருந்து கொடுப்பவர் என்பன அந்நான்கு. இவ்வரிசையில் மருத்துவர் முதலிடம் பெறவில்லை, மருந்தும் பெறவில்லை. நோயுற்றவரே முதலில் வைத்து எண்ணப்படுகிறார். அதற்கு முந்திய குறளோ, நோயுற்றவரின் நிலை, நோயின் நிலை, காலம் ஆகிய மூன்றையும் அறிந்து மருத்துவர் செயற்படவேண்டும் என்கிறது. அங்கும் நோயுற்றவரே முன்னிற்கிறார். இவ்வரிசை யாப்பு நோக்கி அமைந்தது எனக் கூறி அப்பாற் செல்லுதல் எளிது. ஆயின், வீட்டில் ஒருவர் நோயில் விழும்போது அவ்வரிசை எத்துணை விரைவாகத் தலைகீழாகிவிடுகிறது என்பதைக் கண்டவர்கள் அங்ஙனம் அப்பாற் செல்ல மாட்டார்கள். நோயுற்றவர் முதியவராயின் அவர் வரிசையின் கடைசிக்கே தள்ளப்பட்டுவிடுகிறார்.

2023ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. வடமராட்சிக் கிராமமொன்றில், ஒரு வீட்டின் விறாந்தையில் குடும்பம் கூடியிருந்தது. இளைய மகள் கதிரையில் இருந்தார். கொழும்பிலிருந்து வந்திருந்த இரண்டாவது மகன் தூணோடு சாய்ந்து நின்றார். மூத்த மகனின் குரல் ரொறன்ரோவிலிருந்து கைத்தொலைபேசியூடாக ஒலித்தது. பேசப்பட்ட பொருள் அவர்களுடைய தாயாரின் நோய். 76 வயதான அத்தாயாரை ஊரார் அனைவரும் ஆச்சி என்றே அழைப்பர். அவர் அவ்வேளை அடுக்களையில் இருந்து பாக்குரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்.

நோய் எவருடைய கண்ணிலும் படாமலே வந்திருந்தது. கார்த்திகை மாதமளவில், புட்டு நெஞ்சுக்குள் நிற்பதாக ஆச்சி ஒருமுறை சொன்னார். பின்பு புட்டுக்குச் சொதியைக் கூடுதலாக விட்டுக் குழைக்கத் தொடங்கினார். மார்கழியில் புட்டு நின்று, கரைத்த இடியப்பம் வந்தது. தைப்பொங்கலன்று பொங்கலில் இரண்டு வாய் எடுத்துவிட்டுப் போதும் என்று எழுந்தார். மாசியில் கஞ்சியும் பாலுமே எஞ்சின. உணவு குறைந்தபோது வயதென்றார்கள். உடல் மெலிந்தபோதும் வயதென்றார்கள்.

உணவுக்குழாயின் இயல்பும் இத்தகைய ஏமாற்றத்துக்கு இடந்தருகிறது. பாடநூல்கள் களம் எனப் பெயரிடும் இவ்வுறுப்பு, ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமான, நன்கு விரியக்கூடிய தசைக்குழாயாகும். அதன் உட்சுவரில் தோன்றும் கட்டி வழியின் பெரும்பகுதியை அடைக்கும்வரை மென்மையான உணவு இறங்கிக்கொண்டே இருக்கும். திண்ம உணவு தடைப்படுவதை நோயாளி உணரும்போது நோய் பெரும்பாலும் முதிர்ந்துவிட்டிருக்கும்.

இந்நோய் இலங்கையில் அரிதானதன்று. ஆண்களிடையிலும் பெண்களிடையிலும் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்று. புகையிலை சேர்த்த வெற்றிலை, வாயில் மட்டுமன்றித் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புற்றுநோயை விளைவிக்கிறது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டில் உறுதி செய்தது. ஆச்சி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புகையிலையோடு வெற்றிலை போட்டவர். அவருடைய கணவர் புகையிலைத் தோட்டஞ் செய்தவர். பிள்ளைகள் மூவரும் அத்தோட்டத்து வருமானத்திலேயே படித்தார்கள். குடும்பத்தை உயர்த்திய இலையே இறுதியில் குடும்பத்தின் தாயை வருத்தியது. இதில் யாரை நோவது?

விறாந்தையில் நடந்த பேச்சு நெடுநேரம் நீடிக்கவில்லை.

"அம்மாவுக்கு வயசு போட்டுது. இனி அவவைக் கொண்டுபோய்ச் சித்திரவதைப்படுத்தக் கூடாது" என்றார் மூத்தவர்.

"கரண்ட் பிடிச்சால் அவ தாங்க மாட்டா. உள்ள காலத்துக்கு வீட்டிலை நிம்மதியாய் இருக்கட்டும்" என்றார் இரண்டாமவர்.

இளையவர் ஒன்றும் பேசவில்லை. நோயின் பெயர் ஆச்சிக்குத் தெரியக்கூடாது என்பதில் மட்டும் மூவரும் உடன்பட்டனர். தொண்டையிலே புண் என்று ஏற்கெனவே அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

இவை அன்பின்மையால் எழுந்த சொற்கள் அல்ல. தாயின் துன்பத்தைக் காணப் பொறாதவர்களின் சொற்கள் அவை. ஆயினும் "வயசு போட்டுது" என்ற சிறு வாக்கியம் ஆராய்ந்து பார்க்கத்தக்கது. யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் அது விளக்கமாகவும் நிற்கிறது, தீர்ப்பாகவும் நிற்கிறது. அதனுள்ளே மூன்று கூற்றுகள் மறைந்துள்ளன. நோயாளியின் உடல் சிகிச்சையைத் தாங்காது என்பது ஒன்று. தாங்கினாலும் பெறக்கூடிய பயன் சிறிது என்பது மற்றொன்று. அப்பயனை அவர் விரும்ப மாட்டார் என்பது மூன்றாவது. முதலாவதை மருத்துவர் சோதித்தறிய வேண்டும். இரண்டாவதை ஆய்வுகளே சொல்ல வேண்டும். மூன்றாவதைச் சொல்லத்தக்கவர் உலகில் ஒருவரே. அவர் அன்று அடுக்களையில் இருந்தார்.

பிள்ளைகளை மட்டும் குறைகூறுவது நீதியாகாது. மருத்துவ உலகமே நெடுங்காலம் தன் சொந்த மொழியில் "வயசு போட்டுது" என்று சொல்லிவந்தது. உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்ய இயலாதபோது கதிர்வீச்சே நெடுங்காலம் கைகொடுத்தது. அதனோடு மருந்தையும் சேர்த்தால் யாது நிகழும் என்பதை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வொன்றின் முடிவு 1992இல் வெளிவந்தது. கதிர்வீச்சு மாத்திரம் பெற்றவர்களில் 100க்கு 10 பேரே இரண்டாண்டு முடிவில் உயிரோடிருந்தனர். சிஸ்பிளாற்றின், புளோரோயுராசில் என்னும் இரு மருந்துகளை நாளத்தின் வழியாகவும் பெற்றவர்களில் 100க்கு 38 பேர் உயிரோடிருந்தனர். இத்தனைக்கும் இரண்டாவது குழுவினருக்குக் கொடுக்கப்பட்ட கதிர்வீச்சின் அளவு குறைவானது. முன்னவர்களுக்கு 64 கிறே. பின்னவர்களுக்கு 50 கிறே. ஐந்தாண்டு முடிவில் கதிர்வீச்சு மாத்திரம் பெற்றவர்களில் ஒருவரேனும் எஞ்சவில்லை. இரண்டையும் பெற்றவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் எஞ்சியிருந்தார்.

மருந்தும் கதிரும் ஒன்றுக்கொன்று துணைசெய்யும் விதம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. கதிர்வீச்சு கலத்தினுள்ளே பரம்பரை இழைகளை உடைக்கிறது. கலம் அவ்வுடைவைச் சீர்செய்ய முயலும். 1957இல் சார்ள்ஸ் ஹைடெல்பேர்கரும் அவருடன் பணியாற்றியோரும் அறிமுகப்படுத்திய புளோரோயுராசில், அவ்விழைகளைக் கட்டுவதற்கு வேண்டிய மூலப்பொருளொன்று கலத்தினுள் உருவாவதைத் தடுக்கிறது. ஒன்று சுவரை இடிக்கிறது. மற்றொன்று கல் வருவதை நிறுத்துகிறது. இடிந்த சுவர் இடிந்தபடியே கிடக்க, கலம் மடிகிறது.

ஆயின், இவ்வெற்றிக்குக் கொடுத்த விலை பெரிது. உயிருக்கே ஆபத்தான பக்கவிளைவுகள், கதிர்வீச்சு மாத்திரம் பெற்றவர்களில் 100க்கு 3 பேரிடம் காணப்பட, இரண்டையும் பெற்றவர்களில் 100க்கு 20 பேரிடம் காணப்பட்டன. இவ்விலையை முதியவர்களின் உடல் கொடுக்கமாட்டாது என மருத்துவர்கள் அஞ்சினர். அச்சத்தில் நியாயம் இருந்தது. சிஸ்பிளாற்றின் சிறுநீரகத்தை வருத்துவது. மூப்பில் சிறுநீரகத்தின் ஆற்றல் இயல்பாகவே குறைவது. ஆதலால் எழுபது கடந்தோருக்குக் கதிர்வீச்சு மாத்திரம் போதும் என்பது வழக்கமாயிற்று. புதிய மருந்துகளை ஆராய்ந்தோரும் முதியவர்களைப் பெரும்பாலும் தம் ஆய்வுகளிற் சேர்க்கவில்லை. ஆய்வில் அவர்கள் இல்லாமையால் சான்று இல்லை. சான்று இல்லாமையால் சிகிச்சை இல்லை. ஒரு வட்டம் இவ்வாறு பூர்த்தியாயிற்று.

அவ்வட்டத்தை உடைக்கும் முயற்சி சீனாவில் இடம்பெற்றமை வியப்பன்று. உலகில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஆளாவோரில் பெரும்பங்கினர் சீனரே. ஹெனான் மாகாணத்தில் தைஹாங் மலையடிவாரத்திலுள்ள லின்சியன் போன்ற பகுதிகளில் இந்நோய் தலைமுறை தலைமுறையாக மக்களைக் கொன்றுவந்தது. 1985இல் அங்கு தொடங்கிய போசணை ஆய்வொன்றில் ஏறத்தாழ 30,000 மக்கள் பங்குகொண்டமை நோயின் கொடுமைக்கும் மக்களின் அக்கறைக்கும் ஒருங்கே சான்றாகும். அச்சமூகமும் இன்று மூப்படைந்து வருகிறது. ஆகவே, முதியவர்களை என்ன செய்வது என்ற வினா அங்கு ஏட்டு வினாவாக இருக்கவில்லை.

சீனாவிலுள்ள 23 வைத்தியசாலைகள் ஒன்றுசேர்ந்து 2016க்கும் 2018க்கும் இடையில் 70 முதல் 85 வயது வரையான 298 நோயாளரை ஆய்விற் சேர்த்தன. அனைவரும் 54 கிறே கதிர்வீச்சை 30 பகுதிகளாகப் பெற்றனர். அவர்களிற் பாதிப்பேருக்கு மாத்திரம் எஸ்-1 எனப்படும் வாய்வழி மருந்தும் கொடுக்கப்பட்டது. யப்பானில் உருவாகி, 1999இல் இரைப்பைப் புற்றுநோய்க்கென அந்நாட்டில் அனுமதி பெற்ற மருந்து அது. அதில் மூன்று பொருள்கள் கூட்டப்பட்டுள்ளன. ஒன்று உடலினுள் புளோரோயுராசிலாக மாறுவது. மற்றொன்று அது விரைவில் அழிந்துபோகாமற் காப்பது. மூன்றாவது குடலை அதன் கொடுமையிலிருந்து ஓரளவு காப்பது. நாளத்தில் ஊசியேற்றி நாட்கணக்கில் வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்து பெறவேண்டிய மருந்தை, வீட்டிலிருந்தபடியே விழுங்கக்கூடியதாயிற்று.

ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. கதிர்வீச்சு மாத்திரம் பெற்ற முதியவர்களில் 100க்கு ஏறத்தாழ 36 பேர் இரண்டாண்டு முடிவில் உயிரோடிருந்தனர். மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் அத்தொகை 53 ஆக இருந்தது. கட்டி முற்றாக மறைந்தோர் முன்னதில் 100க்கு 27 பேர்; பின்னதில் 42 பேர். இரத்தத்தின் வெண்கலங்கள் கடுமையாகக் குறைதல், மருந்து சேர்த்தவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது உண்மை. ஆயினும் சிகிச்சையின் காரணமாக இறந்தோர் மருந்து பெற்ற பகுதியில் மூவர். பெறாத பகுதியில் நால்வர். அஞ்சியவாறு மருந்து முதியவர்களைக் கொன்றுவிடவில்லை.

இத்தொகைகளை மிகைப்படுத்துவதும் தவறாகும். ஆய்விற் சேர்க்கப்பட்டவர்கள் வயதில் முதியவர்களேயாயினும், எழுந்து நடமாடித் தம் காரியங்களைத் தாமே செய்யக்கூடிய நிலையிலிருந்தவர்கள். படுக்கையில் வீழ்ந்துவிட்டவர்களுக்கு இம்முடிவு பொருந்துமெனக் கூறவியலாது. அன்றியும் 53 பேர் வாழ்ந்தார்கள் என்பது 47 பேர் மாண்டார்கள் என்பதன் மறுபக்கமே. ஆய்வு நிறுவியது ஒன்றே: வயது என்ற ஒரு காரணத்தை மாத்திரம் காட்டி மருந்தை மறுப்பதற்கு இனி நியாயமில்லை.

வடமராட்சி ஆச்சி அந்த மாசி மாதத்தில் நடமாடிக்கொண்டிருந்தவர். கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குளித்தவர். முற்றங் கூட்டியவர். அடுத்த முறை மகளோடு வைத்தியசாலைக்குச் சென்றபோது, இளம் மருத்துவர் ஒருவர் மகளை வெளியே அழைத்துப் பேசவில்லை. ஆச்சிக்கு முன்னாலே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"ஆச்சி, உங்களுக்கு என்ன வருத்தம் எண்டு தெரியுமோ?"

"தொண்டையிலை புண்ணெண்டு சொல்லுகினம். புண்ணுக்கு ஏன் தம்பி இவ்வளவு பேர் அழுகினம்? கான்சர்தானே?"

மகள் தலையைக் குனிந்துகொண்டார். மருத்துவர் ஆமென்றார். பின்பு, ஒன்றும் செய்யாதிருக்கலாம் என்றும், வழியைத் திறந்து வைத்திருக்க ஒரு குழாயை உள்ளே பொருத்தலாம் என்றும், ஆறு வாரமளவில் கதிர்வீச்சுப் பெறலாம் என்றும், அதனோடு குளிசையும் விழுங்கலாம் என்றும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். ஒவ்வொன்றின் நன்மையையும் தொல்லையையும் மறைக்காமற் சொன்னார். ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆண்டுக்கணக்கைப் பற்றி அவர் ஒன்றும் வினவவில்லை.

"சோறு இறங்குமோ, தம்பி?"

"இறங்கும் எண்டுதான் நினைக்கிறம், ஆச்சி. கன பேருக்கு இறங்கியிருக்கு."

"அப்ப செய்யுங்கோ. எனக்கு நூறு வயசு வேண்டாம். பசியோடை சாகாமல் இருந்தாற் போதும்."

விறாந்தையில் ஒருவராலும் விடைகாணப்படாத மூன்றாவது வினா இவ்வாறு ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. அவர் சிகிச்சையை விரும்ப மாட்டார் என்று பிள்ளைகள் கொண்டது பிழையாயிற்று. அவர் விரும்பியது நீண்ட ஆயுள் என்று மருத்துவர் கொண்டிருப்பாராயின் அதுவும் பிழையாகவே முடிந்திருக்கும்.

ஆச்சிக்குக் கொடுக்கப்பட்டது எஸ்-1 அன்று. கப்பெசிற்றபீன் என்னும் குளிசை அது. அதுவும் உடலினுள்ளே புளோரோயுராசிலாக மாறும் இயல்பினது. காலையும் மாலையும் உணவின் பின் அரைமணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். இங்கு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. விழுங்க இயலாமையே நோய், விழுங்குவதே மருந்து. வழி முற்றாக அடைபட்டபின் இக்குளிசை எத்துணைச் சிறந்ததாயினும் பயன்படாது. அதனை இடித்துத் தூளாக்கிக் கொடுப்பதும் ஆகாது. வள்ளுவர் நோயாளி, நோய் என்பவற்றோடு காலத்தையும் ஏன் சேர்த்தார் என்பது இவ்விடத்தில் விளங்கும். கார்த்திகையில் புட்டு நின்றபோதே வந்திருந்தால் வழி அகலமாக இருந்திருக்கும். இன்னும் ஒரு மாதம் குடும்பம் ஆலோசித்துக்கொண்டிருந்தால் வழியே இருந்திராது.

வாய்வழி மருந்தின் நன்மையைக் கூறுவோர், நோயாளி வீட்டிலிருக்கலாம் என்பதையே முதலிற் சொல்வர். அதனால் வைத்தியசாலையிற் கட்டில் மிஞ்சுகிறது. தாதியின் வேலை குறைகிறது. ஆயின் குறைந்த வேலை மறைந்துவிடுவதில்லை. அது வீட்டுக்கு இடம்பெயர்கிறது. வள்ளுவர் நான்காவதாக எண்ணிய, அருகிருந்து மருந்து கொடுப்பவரின் தலையில் அது ஏறுகிறது. அவர் எமது சமூகத்திற் பெரும்பாலும் ஒரு பெண், ஊதியம் இல்லாதவர், பயிற்சியும் பெறாதவர்.

ஆச்சியின் இளைய மகள் சுவர்க்கலண்டரில் ஒவ்வொரு நாளின் கீழும் இரண்டு கோடுகள் இட்டார். காலைக் குளிசைக்கு ஒன்று, மாலைக் குளிசைக்கு ஒன்று. கிழமையில் ஐந்து நாள் விடியற்காலை பஸ் ஏறி ஆச்சியைக் கதிர்வீச்சுக்குக் கூட்டிச் சென்றார். மூன்றாம் வாரத்தில் விழுங்கும்போது நெருப்பாக எரிந்தது. பாலைக் குளிரவைத்துக் கரண்டியாற் பருக்கினார். நான்காம் வாரத்தில் ஆச்சியின் உள்ளங்கை சிவந்து தோலுரிந்தது, வயிற்றோட்டமும் கண்டது. குளிசையை நிறுத்துவதா, கொடுப்பதா என்று நள்ளிரவிற் கேட்பதற்கு அருகில் ஒருவரும் இல்லை. அன்றிரவு அவர் குளிசையைக் கொடுக்கவில்லை. மறுநாள் மருத்துவர் அது சரியான முடிவென்று கூறி, நான்கு நாள் இடைவெளி விட்டு அளவைக் குறைத்தார். கலண்டரில் அந்நான்கு நாள்களின் கீழும் கோடில்லை. ஆய்வு அறிக்கைகளில் பக்கவிளைவுகள் தொகைகளாக இடம்பெறுகின்றன. கோடில்லாத அந்நான்கு நாள்களும் அவ்விதத் தொகைகளுக்குள்ளேதான் எங்கோ அடங்கியிருக்கின்றன.

28 நாள் கதிர்வீச்சு சித்திரை இறுதியில் நிறைவெய்தியது. வைகாசி நடுப்பகுதியில் ஒருநாள், ஆச்சி மகளிடம் குரக்கன் புட்டு அவிக்கச் சொன்னார். சொதி வேண்டாமென்றார். ஒரு பிடியை வாயிலிட்டு நெடுநேரம் மென்றார். விழுங்கினார். இன்னொரு பிடி எடுத்தார். மகள் அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றிரவு ரொறன்ரோவுக்குச் சென்ற செய்தியில் நோயைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. "அம்மா புட்டுச் சாப்பிட்டவ" என்பதே முழுச் செய்தியும்.

அதன்பின் ஆச்சி இரண்டு தைப்பொங்கல் காணவில்லை, ஒன்று கண்டார். 2024 ஐப்பசியில் நோய் ஈரலில் மீண்டும் தோன்றியிருப்பது தெரிந்தது. இம்முறை அவரிடமே முதலிற் கேட்கப்பட்டது. இனி வேண்டாம் என்றார். மார்கழியில், தம் வீட்டில், தம் கட்டிலில் காலமானார். இறப்பதற்கு இரண்டு நாள் முன்வரை குழைத்த சோறு இறங்கிற்று.

இரண்டாண்டு என்னும் அளவுகோலை வைத்து நோக்கினால் ஆச்சி தோற்றவர்களின் பட்டியலிலேயே இடம்பெறுவார். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து அவர் வாழ்ந்தது 21 மாதங்கள். ஆய்வுகளுக்கு அளவுகோல் வேண்டும். ஓரிடத்திற் கோடு கிழிக்காமல் எதனையும் ஒப்பிட இயலாது. முதியவர்களையும் சேர்த்து அளந்த ஆய்வொன்று இல்லாதிருந்தால் அந்த இளம் மருத்துவரின் கையில் ஆச்சிக்குச் சொல்வதற்கு ஒன்றுமே இருந்திராது. ஆயின், ஆச்சி வேறோர் அளவுகோலைத் தாமே கொண்டுவந்திருந்தார். சோறு இறங்குமோ என்பது அது. அவ்வளவுகோலால் அளந்தால் அவர் வென்றார்.

மூத்த மகன் அந்தியேட்டிக்கு வந்திருந்தார். விறாந்தைச் சுவரில், மாற்றப்படாதிருந்த 2023ஆம் ஆண்டுக் கலண்டரின் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். கோடுகள் எவை என்று தங்கையிடம் கேட்டார். அவர் விளக்கினார். கோடில்லாத நான்கு நாள்களையும் விரலால் தொட்டுக் காட்டி, அவற்றையும் விளக்கினார்.

"அண்டைக்கு நாங்கள் அம்மாவைக் கேட்டிருக்க வேணும், என்ன?" என்றார் அண்ணன்.

தங்கை விடை கூறவில்லை. கலண்டரைக் கழற்றி, தூசி தட்டி, ஆச்சியின் வெற்றிலைத் தட்டத்தோடு அலுமாரிக்குள் வைத்தார்.